தெற்கே பார்த்த ஜன்னல்

லோயர் கேம்ப்
1891, ஆடி மாதம்

சேசு மரி சூசை துணை.

திண்டுக்கல்லில் இருக்கும் இன்னாசியம்மாளுக்கு உன் புருஷன், கொத்தனார் மிக்கேல் எழுதுவது. நான் சுகம். ஆத்தாவின் முட்டுவலி தேவலையா? பிள்ளைகள் பூசைக்கு ஒழுங்காகப் போகிறார்களா?

இங்கே அணை வேலைக்காரர்களுக்கென்று காய்ச்சல் ஆஸ்பத்திரி ஒன்று கட்டினோம். லண்டனிலிருந்து வரும் கட்டடப் பத்திரிகையைப் பார்த்து ஓவர்சியர் குருசாமி சொன்னார், நாங்கள் கல்லை வைத்தோம். தெற்கே பெரிய ஜன்னல் வைத்து வெயிலை உள்ளே விட்டால் நோய் ஓடிப்போகும் என்று அதில் போட்டிருக்கிறதாம். வெயிலையே காணாதவன் எழுதுகிறான், வெயிலில் வெந்தவன் விழுந்து விழுந்து படிக்கிறான்!

"ஐயா, அந்தப் பக்கம் கணவாய். ஆடிச் சாரல் நேரா கட்டில்லதான் வந்து விழும்" என்றேன்.

"லண்டன்ல பெரிய பெரிய என்ஜினீயரெல்லாம் சொல்லியிருக்காக. நீ என்னய்யா கண்டே?" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை காற்று கண்ணாடியைப் பிய்த்து உள்ளே எறிந்தது. கட்டில்கள் தொப்பலாக நனைந்தன. குடையும் கையுமாக வந்த ஓவர்சியர் பத்திரிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படத்துல உள்ளபடிதானே இருக்கு" என்றார். படத்தில் மழையும் இல்லை, நோயாளியும் இல்லை.

தபால்காரர் கிளம்புகிறார். என் கம்பளியையும் கொஞ்சம் மிளகையும் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பு. என்னைக் கொத்தனார் குடிசையில் தேட வேண்டாம் என்று சொல். தெற்கு ஜன்னலோரம், மூன்றாவது கட்டில்.

மிக்கேல்