சதுர மீசை

ஒக்டோபர் 1, இரவு

சிறுவர் தினத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் வினோத உடைப் போட்டி வைத்தார்கள். நானும் விமலா டீச்சரும் இன்னொருவரும் நடுவர்கள். தரம் இரண்டில் படிக்கும் ஒரு பையன் காக்கிச் சட்டையோடு, மூக்கின் கீழே மையால் சதுர மீசை வரைந்துகொண்டு மேடையேறி, கையை நீட்டி சல்யூட் அடித்தான். யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற அந்த ஜெர்மன் சர்வாதிகாரி. மண்டபமே கைதட்டியது. மற்ற இருவரும் முதலிடம் என்றார்கள். நான் முடியாது என்றேன்.

கொஞ்ச நேரத்தில் பையனின் அப்பா ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிட்டார்.

"வேஷம்தானே டீச்சர். அந்தாளு இப்ப இருந்தா யூதனுங்க இப்படி ஆடுவானுங்களா?"

செத்தவர்களில் உங்கள் மகன் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்றேன்.

"யூதப் புள்ளைங்கதானே."

கோபமில்லாமல், சாதாரணமாகத்தான் சொன்னார். பள்ளிக்கூட அதிபர் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். பரிசு அவனுக்கே போனது.

தினமும் என்னோடு வரும் விமலா இன்று வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டாள். குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரை தனியாக நடந்தேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் தமிழர்களின் வீடுகளை எரித்தபோது எனக்கும் ஏழு வயது. அம்மா என் வாயைப் பொத்திக்கொண்டு தேயிலைக்குள் படுத்திருந்தாள். எரிக்க வந்தவர்களிடம் யாராவது, உள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருப்பார்கள். அவர்களும் இப்படிச் சாதாரணமாகத்தான் பதில் சொல்லியிருப்பார்கள்.

விமலாவின் வீடும் அன்றுதான் எரிந்தது. பையனின் அப்பா அதைச் சொன்னபோது அவள் என் பக்கத்துக் கதிரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.