துப்பாக்கி அடுப்படியில் இருந்ததுதான் தப்பு

அன்புள்ள செல்பிக்கு,

கர்த்தர் கிருபையால் லாப்ரடார் கடற்கரை வேட்டை முகாமில் சமையல் வேலையும் நானும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் துப்பாக்கியை நானே சரிசெய்துவிட்டேன்! குளிர் தொடங்கியதிலிருந்து முதல் குண்டு பாயும், அடுத்த தோட்டா பாதியில் சிக்கிக்கொள்ளும். “இன்னும் ரெண்டு நாள்ல வேட்டைக் காலம் முடியுது அண்ணி, குளிர்காலத்துக்குக் கறியே இல்ல. இந்த இரும்பைக் கடல்ல போடுங்க” என்றான் நேற்று உங்கள் தம்பி கார்லண்ட். தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பிரித்தேன். துருவுக்குப் பயந்து நான் தாராளமாய்ப் பூசிய எண்ணெய் குளிரில் மெழுகாகியிருந்தது. குளிரிலிருந்து கொண்டுவந்து அடுப்படிச் சூட்டில் வைத்ததால் இரும்பு வேர்த்து, வெளியே போனதும் அந்த ஈரமும் உறைந்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, உலரத் துடைத்து, குளிர்ந்த கொட்டகையிலேயே வைத்தேன். இன்று காலை அவன் சுட்டபோது ஒரு தோட்டாவும் சிக்கவில்லை. பதினோரு வாத்து! “அண்ணி, நாளைக்கு நான் சமைக்கிறேன், நீங்க வேட்டைப் படகுல ஏறுங்க” என்கிறான்.

துப்பாக்கி துடைக்க உங்கள் பழைய கம்பளிச் சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

தபால் விமானம் இறங்கிவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள்
ட்ரூசில்லா