வல்லநாட்டு மலையில் வழி தப்பியவனுக்கு

இன்று காலை கடை திறக்கும் அவசரத்தில் பரணில் கிடந்த பழைய செருப்பை மாட்டினேன். சுருக்கென்று குத்தியது. பார்த்தால் உடைமுள். நாம் வெளிமான் பார்க்கப் போன அன்று ஏறியதுதான், வேறெங்கே ஏறப்போகிறது? நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது, கூட்டாளி. உன் முள் இன்னும் என்னை விடவில்லை.

அப்போது உனக்குக் கண் மங்குகிறது என்று உன் மகன் கடலுக்கு விடாமல் நிறுத்தியிருந்தான். நீ தருவைகுளத்திலிருந்து பஸ் ஏறி, தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில் என் கடைக்கே வந்து குதித்தாய். "வல்லநாட்டுக்குப் போவோம்லே. ஒனக்கு முந்தி நான் மானைப் பாக்கலன்னா, இனி கடல் பேச்சே எடுக்க மாட்டேன்." அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் உன் பூசை முடிந்த கையோடு கிளம்பினோம்.

சரணாலயத்துக் காவலர் பாதையைக் காட்டி, விலகிப் போக வேண்டாம் என்றார். உனக்கா அது காதில் ஏறும்? "நாப்பது வருசமா இந்த மலையைப் பாத்துத்தாம்ல கரை சேந்திருக்கேன். கொற்கையில கப்பல் நின்ன காலத்துலயும் கப்பக்காரன் இதைப் பாத்துத்தான் வந்திருப்பான். எனக்கா வழி தெரியாது?"

அரை மணி நேரத்தில் உடைமரங்களுக்குள் மாட்டிக்கொண்டோம். முயல் ஓடியது, மயில் அகவியது, பாதையை மட்டும் காணோம். கடலில் எட்ட நின்று வழி காட்டிய மலை அன்று உன் காலடியில் கிடந்தது. அதன் மேலேயே நின்றுகொண்டு, "ஏலே, மலையைக் காணலயே!" என்றாய். வயிறு வலிக்கச் சிரித்தேன். நீயும் சிரித்தாய், பிறகு முகம் வாடிவிட்டது. "மவன் சொல்லுதது சரிதான் போல" என்று பாறையில் உட்கார்ந்துவிட்டாய்.

கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "அங்கன பாருலே! கறுத்த முதுகு, முறுக்குன கொம்பு! கெடா மான்லே!"

தேடி வந்த காவலரிடம் சொன்னாய், பஸ் கண்டக்டரிடம் சொன்னாய், உன் மகனிடம் பத்து முறையாவது சொல்லியிருப்பாய். தொல்லை தாங்காமல் அவன் உன்னை மறுபடி படகில் ஏற்றிக்கொண்டான். சுக்கான் அவன் கையில். நீ முன்னால் உட்கார்ந்து அதிகாரம் செய்தாய்.

இப்போது சொல்கிறேன், கோபப்படாதே. அந்த மானை நான் உனக்கு முந்தியே பார்த்துவிட்டேன். நீ எப்போதடா பார்ப்பாய் என்று வாயை மூடிக்கொண்டு உன் முகத்தையே பார்த்து நின்றேன். அதனால் மான் துள்ளி ஓடியதை நான் பார்க்கவே இல்லை. நீ துள்ளியதைத்தான் பார்த்தேன்.