அறிவித்தலில் விடுபட்ட பெயர்

ஒக்டோபர் 3, 2007. புதன்.

தூறல். அலுவலக ஹீட்டர் இன்றும் வேலை செய்யவில்லை. மரண அறிவித்தல் போடும் இணையத்தளத்துக்கு ஹீட்டர் எதற்கு என்று முதலாளி நினைக்கிறான் போலும்.

தளத்தின் புதிய வடிவமைப்பு தயார். நாங்கள் மட்டும் பார்க்கும் பிரதி டெவ், உலகம் பார்ப்பது லைவ், ஒன்றிலிருந்து மற்றதற்குப் பக்கம் பக்கமாக மாற்ற இரண்டு நாள் வேண்டும் என்று அவனுக்கு நாலாந் தரம் விளங்கப்படுத்தினேன்.

"ரெண்டு நாளோ? ஜேர்மனியிலை நான் ரெண்டு நாளிலை கடையே திறந்தனான், அண்ணை."

பத்தாம் வகுப்புத் தாண்டாதவன். நான் பொறியியல் பட்டதாரி. எட்டு வருடம் அவனுக்குக் கீழ்.

மாற்ற வேண்டியவை: பக்க அமைப்பு. படங்கள். தேடல். நகைக்கடை விளம்பரம் (அறிவித்தலுக்கு மேலேதான் வேண்டுமாம்).

டெவ்வில் இருப்பது செப். 9ஆம் திகதிப் பிரதி. அம்மாவின் அறிவித்தலைப் போட்ட மறுநாள் எடுத்தது. லீவு கேட்டேன், தரவில்லை.

ஒக்டோபர் 4. வியாழன்.

தங்கை மலரின் போன். தம்பி ரவி சனிக்கிழமை பாரிஸிலிருந்து வருகிறான். இங்கே லண்டனில், பிளேஸ்டோவில் அவள் வீட்டில் தங்குவான். ஞாயிறு அம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை.

"நீங்கள் ஒண்டும் கதைக்க வேண்டாம், அண்ணை. செத்தவீட்டுக்கு வராதவன் இதுக்காவது வரட்டும்."

அவன் வராததற்குக் காரணம் நான். அறிவித்தலில் பிள்ளைகள் என்று என்னையும் மலரையும் மட்டும் போட்டேன். வேண்டுமென்றே. அம்மா நாலு மாதம் ஆஸ்பத்திரியில். ஒரு தரம் வந்தான், ஒன்றரை நாள். அதில் அரை நாள் பெண்சாதிக்குச் சேலை வாங்கினான். அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். இங்கே தகனசாலையில் கொள்ளி என்பது ஒரு பொத்தான். நான் அழுத்தினேன்.

மலர் மூன்று நாள் அழுதாள். செப். 18 நேரே லைவில் போய் அவன் பெயரைச் சேர்த்தேன். அதைப் பார்த்துத்தான் வருகிறான்.

வந்தால் என்ன சொல்வது? "வா." அவ்வளவும் போதும்.

ஒக்டோபர் 5. வெள்ளி.

வெயில், காற்று. நகைக்கடை விளம்பரம் நாளை தொடங்க வேண்டுமாம், இன்றே மாற்றச் சொல்கிறான் முதலாளி.

"எல்லாத்தையும் ஒரேயடியாத் தூக்கி வையுங்கோ. பெட்டி மாத்திற மாதிரித்தானே?"

கோபம். சரி, உன் இஷ்டம். டெவ் முழுவதையும் அப்படியே லைவின் மேல் ஏற்றினேன். இருபது நிமிடம். 3.40க்கு முடிந்தது.

4.05. டொரொண்டோவிலிருந்து ஒரு பெண்: "எங்கடை அப்பான்ரை அறிவித்தலைக் காணேல்லை. நேற்று இருந்தது."

அப்போதுதான் உறைத்தது. 9ஆம் திகதிக்குப் பிறகு லைவில் சேர்ந்த எதுவும் டெவ்வில் இல்லை. மூன்றரைக் கிழமைச் சாவுகள் அழிந்துவிட்டன. ஏற்றுவதற்கு முன் லைவை நகல் எடுத்து வைக்கவுமில்லை. முதலாம் வருட மாணவன் செய்யாத பிழை.

முதலாளி: "பட்டதாரி வேலை!"

தொலைநகலில் வந்த அறிவித்தல் தாள்கள் கோப்பில் உண்டு. 47. அவற்றைப் பார்த்துத் திரும்பவும் தட்டச்சு.

ஒக்டோபர் 6. சனி.

காலை ஏழிலிருந்து தட்டச்சு. ஒரு மணிக்கு 47உம் முடிந்தது. முதுகு உளைவு. ஒரு பணிஸ், ஒரு தேநீர்.

2.15. மலரின் போன். "என்ன வேலை செய்தனீங்கள், அண்ணை?"

ரவி வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தானாம். புதுத் தளத்தில் அம்மாவின் படம் பெரிதாகத் தெரிகிறது என்று திறந்து காட்டியிருக்கிறாள். அவன் பெயர் இல்லை.

தாளே இல்லாத திருத்தம் அது ஒன்றுதான். என் கையால் லைவில் போட்டது. 47 தாளுக்குள் எப்படி வரும்? எனக்கு நினைவே வரவில்லை.

ஒரு நிமிடத்தில் சேர்த்தேன்.

"இப்ப போட்டு என்னத்துக்கு? பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிட்டான்."

அவனுக்குப் போன் அடித்தேன். மூன்றாந் தரம் எடுத்தான். பின்னால் வாட்டர்லூ ஸ்டேஷன் இரைச்சல்.

"தம்பி, இது பிழையா நடந்தது. பழைய பிரதியைத் தூக்கி மேலை போட்டிட்டன். அதிலை உன்ரை பேர் இல்லை."

"அதிலை ஏன் இல்லை, அண்ணை?"

மேசையில் கிடந்த தாள்களை அடுக்கினேன்.

"சரி. ரயிலுக்கு நேரமாச்சு."

ஒக்டோபர் 7. ஞாயிறு.

மழை. மனோர் பார்க்கில் மண்டபம். ஐயர் எட்டரைக்கு வந்தார்.

"இளைய மகன் ஆர்?"

"நான் செய்யிறன், ஐயா" என்று போய் உட்கார்ந்தேன்.

பிறகு சாப்பாடு. அறுபது பேர். மரக்கறி நன்று, பாயாசம் தண்ணீர். கை கழுவும் இடத்தில் மலரின் மச்சான்: "புது சைட்டிலை எழுத்துப் பெரிசு. இப்ப கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம்."

ரவி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளி பின்னேரமே எல்லோரும் அவன் பெயரில்லாத அறிவித்தலை வாசித்துவிட்டார்கள்.