ராமதாஸ் அண்ணனின் பந்தய வண்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே ஆயர் ஈத்தாம் ஊரில் எங்கள் பட்டறை முதலாளி ராமதாஸ் அண்ணன், தான் தினமும் ஓட்டும் மோட்டார் சைக்கிளையே போன கிழமை பந்தயத்தில் இறக்கினார். பயப்படாதீர்கள், நான் ஓட்டவில்லை. பந்தய விதிப்படி கண்ணாடிகளையும் விளக்குகளையும் கழற்றிக் கொடுத்தேன். பிரேக் போல்ட்டுகள் அதிர்வில் கழன்றுவிடாதபடி கம்பியால் கட்டினேன். ஆனால் பந்தயம் தொடங்கிய பிறகு, முன் பிரேக்கைக் கட்டினேனா என்று திடீரெனச் சந்தேகம் வந்துவிட்டது. கொடி காட்டுபவரிடம் ஓடி, வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

அண்ணன் பந்தயப் பாதையை விட்டு வெளியே வந்ததும் குனிந்து பார்த்தேன். கம்பி இறுக்கமாகவே இருந்தது.

"நாலாவதா போய்க்கிட்டு இருந்தேன் தம்பி," என்றார். பிறகு வண்டியை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினோம். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பட்டறை வாசலில் இறங்கும்போது, இந்த ஊர் வழக்கப்படி ‘லா’ சேர்த்துச் சொன்னார்: "நாளைக்குச் சீக்கிரம் வா லா. லைட்டெல்லாம் திரும்ப மாட்டணும்." அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த மாதம் இங்கே வேலைக்கு வரும் நிரோஷா அக்காவிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் எடுங்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே போதும். இங்கே எல்லோருக்கும் நான் தம்பிதான்.

அண்ணன் கூப்பிடுகிறார், போகிறேன்.

உங்கள் மகன்,
கிருஷாந்த்