கீவ் ராணிக்கு நீ வைத்த இரண்டாவது பட்டன்

யோவ்,

இன்று காலை உன் லேப்டாப்பைத் திறந்தேன். கீபோர்டின் இடுக்கில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடலிலிருந்து வந்து கையைச் சரியாகக் கழுவாமல் உட்காருவாய். நான் கத்துவேன். நீ லுங்கியில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டுவாய். ஊசியால் எடுத்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஊர் முன்னால் உன்னிடம் 'ங்க' போட்டுத்தான் பேசினேன். இது நமக்குள் என்பதால் வீட்டுக்குள் பேசிய மாதிரியே எழுதுகிறேன்.

நீ கரைக்கு வருவது காலையில். நான் சேதராப்பட்டு கம்பெனிக்குப் பஸ் ஏறுவது மதியம். நடுவில் கிடைக்கும் நேரத்தில் மற்ற புருஷன் பெண்டாட்டி என்ன செய்வார்களோ தெரியாது, நாம் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஐரோப்பாவில் சண்டை நடத்திக்கொண்டிருந்தோம். ராஜா, கோட்டை, படை என்று போகும் அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஹங்கேரிக்காரன், ருஸ் நாட்டான், பல்கேரியன், போலந்துக்காரன் எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே தொப்பி, ஒரே மரவீடு. மொத்தமாகக் 'கிழக்கத்தியர்' என்று பெயர். உனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாடி இது? வடக்க போனா நம்ம எல்லாரையும் மதராசிங்கறானே, அதே வேலையத்தான் இவனும் பண்ணி வச்சிருக்கான்."

அன்றைக்கே விளையாட்டின் உள்ளே புகுந்து திருத்தி எழுத ஆரம்பித்தாய். இப்படித் திருத்துவதற்கு மாட் என்று பெயர் என்பதே அப்புறம்தான் நமக்குத் தெரியும். ஹங்கேரிக்காரனுக்குக் குதிரையும் பின்னால் வளைந்த வில்லும் கொடுத்தாய். அவர்கள் தலைவர்கள் கையைக் கீறி ஒரே பாத்திரத்தில் ரத்தம் விட்டுச் சத்தியம் செய்ததை ஒரு காட்சியாக வைத்தாய். ஸ்லாவியர்களைக் காட்டில் ஒரு கூட்டம், ஆற்றங்கரையில் ஒரு கூட்டம் என்று பிரித்து, ஒரே மரத்தைக் குடைந்த படகு செய்து கொடுத்தாய். தப்பு வந்தால் திருத்த இணையத்தில் ஒரு ஹங்கேரிக்காரர் கிடைத்தார். எழுத்து வேலை உன்னுடையது. நான் கம்பெனியில் பிளாஸ்டிக் மூடியில் பிசிறு பார்க்கிறவள் அல்லவா, இங்கேயும் பிசிறு பார்த்தேன்.

நாம் இரண்டு பேரும் சண்டை போட்டது ருஸ் நாட்டுக் கீவ் நகரத்து ராணிக்காக. காட்டுக்கூட்டம் ஒன்று அவள் புருஷனைப் பிடித்து, வளைத்த இரண்டு மரத்தில் கட்டி, மரத்தை விட்டுவிட்டது. ஆள் இரண்டாகக் கிழிந்தான். பிறகு அதே கூட்டம் தங்கள் தலைவனுக்கு அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியது. வந்தவர்களைப் படகில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிவரச் சொன்னாள் ராணி. படகோடு குழியில் தள்ளி உயிரோடு மண்ணைப் போட்டாள். அடுத்து வந்தவர்களைக் குளியல் வீட்டில் பூட்டிக் கொளுத்தினாள். கடைசியில் ஊரையே எரித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. உன் மனசு அந்தப் படகுக் குழியிலேயே நின்றுவிட்டது.

"மண்ணு வுழறப்ப அவனுங்க படகு ஓரத்தப் புடிச்சிக்கினு இருந்திருப்பானுங்கல்ல?" என்றாய்.

அவள் ஊரை எரிக்கும் காட்சிக்கு ஒரே ஒரு பட்டன் போதும், 'எரி' என்று, சரித்திரத்தில் அதுதானே நடந்தது என்றேன். நீ இரண்டாவது ஒன்று வைத்தாய்: 'எரிக்காதே.'

"யோவ், அது பொய். அப்பிடி ஒண்ணு சரித்திரத்துலயே இல்ல."

"இருந்துச்சிடி. அவ அமுக்கல, அவ்ளோதான்."

அன்று உன்னோடு பேசாமல்தான் பஸ் ஏறினேன். புருஷனைக் கிழித்தவர்களுக்கு எதற்கு அந்தச் சலுகை என்று எனக்குப் புரியவே இல்லை.

நாம் செய்த பெரிய தப்பு வேறு. ஒருவன் கொல்லப்பட்டால் யார் பழிவாங்கலாம் என்று நீ எழுதியிருந்தாய். பிழை பார்க்க, யாரும் விளையாடாமல் விளையாட்டையே தனியாக ஓடவிட்டோம். நீ மீன் குழம்பு சாப்பிட்டு முடிப்பதற்குள் ருஸ் நாட்டில் ஆண்பிள்ளையே இல்லை. வரைபடம் முழுக்கக் கருகிய கிராமம். கைக்குழந்தைகள் சிம்மாசனத்தில் இருந்தன, அவற்றையும் யாராவது கொன்றுகொண்டிருந்தார்கள். சரித்திரம் பயங்கரம்தான் என்று நாம் பெருமையாகப் படம் எடுத்து அனுப்பினோம். ஹங்கேரிக்காரர் திருப்பிக் கேட்டார்: பழைய ருஸ் சட்டத்தில் பழிவாங்கும் உரிமை அப்பன், மகன், சகோதரன், சகோதரன் மகன் போன்ற நெருங்கிய ரத்தத்துக்குத்தானே உண்டு, நீங்கள் ஏன் கிராமம் முழுவதற்கும் கொடுத்திருக்கிறீர்கள்?

நீ தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாய். "நம்மூரு வழக்கத்தையே அவனுங்க தலையில கட்டிட்டோம்டி. ஒருத்தன அடிச்சா ஊரே போவும்னு எழுதியிருக்கேன் பாரு. வேற இன்னா தெரியும் எனக்கு?"

இதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

குஞ்சு மீனையும் சேர்த்து வாரும் சுருக்குமடி வலையைப் போடுவேன் என்ற ஊரும், போடவிடமாட்டோம் என்ற நாமும் முறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. எனக்கு லீவு நாள். மீன் பிரிக்கக் கரைக்கு வந்திருந்தேன். அவர்கள் படகுகள் நேராகக் கரையைப் பார்த்து வந்தன. துடுப்பு, கல், பெரிய மீனைக் குத்தும் சுளுக்கி ஈட்டி. ஒருவன் காது அறுந்து தொங்கியது. நீ சும்மா நின்றாய் என்று நான் சொல்லமாட்டேன். துடுப்பால் ஒருத்தன் தோளை உடைத்தாய், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் முகத்தில் துண்டு கட்டிய இன்னொருவன் உன் பக்கவாட்டில் வந்தான். சுளுக்கி விலாவுக்குக் கீழே இறங்கியது. அதற்கு முள் உண்டு, நேராக வெளியே வராது. அவன் காலை உன் இடுப்பில் ஊன்றி இழுத்தான். என்ன வெளியே வந்தது என்று பார்த்தேன். இன்னமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் முகத்தில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்தது. எனக்கு அவனைத் தெரியும். எல்லாக் கம்பெனிக்கும் ஆள் ஏற்றும் சேதராப்பட்டு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்காருகிறவன். நம் ஊரில் அந்தப் பஸ்ஸில் போவது நான் ஒருத்திதான், அதனால் வேறு யாருக்கும் ஆளைத் தெரியவில்லை.

உன்னைப் புதைத்த கையோடு ஊர்த் தலைவர் நம் வீட்டுக்கு வந்தார். "யம்மா, ஊரு அடிச்சிது, ஊரு வாங்கிச்சி. போலீசுல தனியா யார் பேரும் வரக்கூடாது. நீ ஒருத்தன் பேர சொன்னா, நம்ம பசங்க பேர அவன் சொல்லுவான். ஊருக்கு ஊரு பேசி முடிச்சிக்கலாம்."

அவர் போனதும் உன் தம்பி உள்ளே வந்தான். சுளுக்கியை அரம் போட்டுத் தீட்டி வைத்திருந்தான்.

"ஊர வுடு அண்ணி. எனக்கு மட்டும் சொல்லு. யாரு?"

தினமும் கேட்டான். ஒருநாள் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டுக் கேட்டான். சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பொய் சொல்லமாட்டேன், உன்னைக் குத்தியவன் குடலையும் மணலில் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் உன் தம்பி போனால் தனியாகப் போகமாட்டான், ஊரே போகும். அவர்கள் திரும்பி வருவார்கள். அது எங்கே போய் நிற்கும் என்று நீயும் நானும் ஒரு சாப்பாட்டு நேரத்தில் பார்த்துவிட்டோமே.

"வண்டிய எடுடா," என்றேன். குத்தியவன் வீட்டைக் காட்டப் போகிறேன் என்று நினைத்துச் சுளுக்கியை எடுத்தான். அதை வாங்கி மூலையில் போட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னேன். அங்கே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் முன்னால் பெயரைச் சொன்னேன். உன் தம்பி எழுந்தான், நாற்காலி கவிழ்ந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன், பட்டன் தெறித்தது.

"இப்ப போனீன்னா, ஒன் பேரையும் இதே டேபிள்ல நானே சொல்லுவேன்டா."

என்னை அடித்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அன்று சாயங்காலமே, பைபாஸ் தாண்டுவதற்குள், உன்னைக் குத்தியவனைப் போலீஸ் பிடித்துவிட்டது.

ஊர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. கடலோர மணப்பட்டில் இருந்துகொண்டு மீன் வாங்கக் கடலே இல்லாத பாகூருக்குப் போகிறேன், சிரிக்காதே. நீ பாதியில் விட்ட 'மாட்' வேலையை முடித்து இணையத்தில் வெளியிட்டேன். ஹங்கேரிக்காரர், எங்கள் முன்னோர் கையில் சரியான வில்லைக் கொடுத்தவர் என்று உன்னைப் பற்றி எழுதியிருந்தார். அதைப் படித்துத்தான் நான் முதல்முதலாக அழுதேன். ராணிக்கு நீ வைத்த இரண்டாவது பட்டனை எடுக்கவில்லை. ஆனால் நான் விளையாடினால் 'எரி'யைத்தான் அமுக்குகிறேன். ஒவ்வொரு தடவையும். அந்த ஊர் எரிவதைக் கடைசிவரை பார்க்கிறேன். நல்லவளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

போன திங்கட்கிழமை உன்னைக் குத்தியவன் ஜாமீனில் வந்து அவர்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் நின்றான். வேறு கம்பெனியில் வேலையாம், பஸ் அதே பஸ். படியில் காலை வைத்தவன் என்னைப் பார்த்ததும் இறங்கப் பார்த்தான்.

"ஏறுடா," என்றேன். "கோர்ட்டுல நான் ஒன்ன கைய காட்டற வரைக்கும் நீ உசுரோட இருக்கணும்."

ஏறினான். உட்கார இடம் எனக்கு முன் சீட்டில்தான் இருந்தது. சேதராப்பட்டு வரை அவன் பிடரி என் கண்ணுக்கு நேரே. என் பையில் பிசிறு வெட்டும் கத்தி. ஜிப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன், இறங்கும்போது உள்ளங்கையில் ஜிப்பின் பல் பதிந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான் போகிறேன். இன்றைக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.