அந்திக் குச்சி

அன்புள்ள ஷுக்ரிக்கு, உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் சுகம் தரட்டும். ஒட்டகம் ஈன்றுவிட்டதா? நான் நலம்.

இங்கே பெர்பெரா துறைமுகத்தில் ஒரு வேடிக்கை. சிமெண்ட் மூட்டை சுமந்து முதுகெல்லாம் அரிப்பு. அந்தி நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் போய்க் குச்சியால் தேய்த்துக்கொண்டிருந்தேன். கூட மூட்டை தூக்கும் வர்சமே பார்த்துவிட்டான்.

"ஓடுங்கடா! கூலேத் கழுதைப்புலியா மாறப் போறான்!"

குச்சியால் உடம்பைத் தேய்த்து மிருகமாகிறவன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே எல்லோரும்! எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற இடத்தில், அன்றிலிருந்து என்னோடு யாரும் தட்டில் கை வைப்பதில்லை. அதை விடு.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நெய் கொடுத்தனுப்பு, முதுகுக்கு. தடவிவிடத்தான் ஆளில்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லாரி கிளம்புகிறது. நேற்று அந்தியிலும் அந்தக் குச்சியால் தேய்த்துப் பார்த்தேன், ஷுக்ரி. நாலு கால் முளைத்தால் விடிவதற்குள் நம் முள்வேலிக்கு வந்துவிடுவேன். கல்லெறிந்துவிடாதே.

உன் கூலேத்